பொய் சொல்லாத சென்சாரை ஏன் மாற்றினீர்கள்?

அனுப்புநர்:
2022 மாடல் பெட்ரோல் கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: என்ஜினுக்குப் பெட்ரோல் போதாததன் காரணத்தைக் கண்டறியாமல், தேவையற்ற பாகங்களை மாற்றி வசூலித்த தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் நீட்டிக்கப்பட்ட வாரண்டி இன்னும் முடியாத என் காரில், கல்லாறு தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறியது. சமவெளிக்கு இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லித்தான் கோவையிலுள்ள உங்கள் சர்வீஸ் மையத்தில் வண்டியை விட்டேன். வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் ஏறியதோ 'செக் என்ஜின் லைட்' என்பது மட்டும். மலையும் இல்லை, திணறலும் இல்லை. பழுதைக் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடிய ஒரே தகவல் வரவேற்பு மேசையிலேயே தொலைந்துபோனது.

ஸ்கேனரில் வந்த குறியீடு பி 0171. கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதை அது தெரிவிக்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று தெரிவிப்பதில்லை. காற்று நுழையும் இன்டேக் பக்கத்துக் குழாயோ, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டோ விரிசல் விட்டுக் காற்று உள்ளே கசியலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் அழுக்கேறிக் குறைத்துக் காட்டலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், டேங்கிலுள்ள பம்ப் தளர்ந்திருக்கலாம். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று கலக்கலாம். இவற்றில் எது என்று பிரித்தறிவதற்குத்தான் பில்லில் 'டயக்னாஸ்டிக் கட்டணம்' என்று தனி வரி போடுகிறீர்கள் என நினைத்திருந்தேன்.

உங்கள் மையம் செய்தது வேறு. குறியீடு பதிவான அந்த நொடியில் என்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சுமையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் காரின் கம்ப்யூட்டர் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பதிவாகச் சேமித்து வைத்திருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமலேயே குறியீட்டை அழித்தார்கள். பிறகு ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். அது வாரண்டியில் வராது என்று கூலியோடு 9,400 ரூபாய் வாங்கினார்கள். பழைய சென்சாரின் வோல்டேஜ், வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் 0.1க்கும் 0.9க்கும் இடையே தடையின்றி ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை டெக்னீஷியனின் திரையில் நானே பார்த்தேன். கெட்டுப்போன சென்சார் அப்படி வேலை செய்யாது. பெட்ரோல் போதவில்லை என்ற உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். பழைய பாகத்தைக் கேட்டதற்கு, ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்று பதில்.

புதிய சென்சார் மலையேறியதும் அதே குறியீட்டைக் கொண்டுவந்தது. இந்த முறை ஸ்பார்க் பிளக்குகளும் இக்னிஷன் காயில்களும் மாறின: 11,250 ரூபாய். என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ய இன்னும் 1,450 ரூபாய். காத்திருப்போர் அறையில் காபி நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் வண்டியை யாரும் சுமையேற்றி ஓட்டிப் பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப் தரையில் ஐடிலிங்கில் வைத்துவிட்டு 'ஓகே' என்று கையெழுத்திட்டார்கள்.

அதன்பின், காரின் கம்ப்யூட்டர் பதிவுகளைப் படிக்கும் ஒரு ஓ.பி.டி. ரீடரைச் செருகி, பக்கத்து இருக்கையில் மகன் திரையைப் பதிவு செய்ய, நான் வண்டியை ஓட்டினேன். ஃபியூயல் டிரிம் என்பது கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதைக் காட்டும் எண். ஐடிலிங்கில் அது 3. சமவெளிச் சாலையில் 9. பர்லியாறு ஏற்றத்தில் 27. காற்றுக்கசிவாக இருந்தால் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக வரும்: ஐடிலிங்கில் எண் உயர்ந்து, என்ஜின் நிறையக் காற்றை இழுக்கத் தொடங்கியதும் கசிவின் பங்கு சிறுத்து எண் இறங்கும். இங்கே என்ஜின் பெட்ரோல் கேட்கக் கேட்கப் பற்றாக்குறை கூடுகிறது. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் வரும் வழியை.

இந்தப் பதிவோடு திரும்பி வந்தபோது உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்ன காரணம், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், ஆகவே கலவை மாறும் என்பது உண்மைதான். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ. இந்த வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. மேலும் அது ஐடிலிங்கிலும் தெரியும், ஏற்றத்திலும் தெரியும். எத்தனாலுக்கு மலையேறினால் மட்டும் குணம் மாறுவதில்லை. பெட்ரோல் அழுத்தத்தை ஒருமுறை அளந்து பார்க்கக் கேட்டேன். 'அந்த நடைமுறை இல்லை சார்' என்றார். உங்கள் சர்வீஸ் கையேட்டில் அந்த நடைமுறை இருக்கிறது.

கடைசியில் எங்கள் பகுதியில் ஒரே ஒரு லிஃப்ட் வைத்து நடத்தும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் போகும் குழாயில் டி இணைப்புப் போட்டு, பிரஷர் கேஜின் நீண்ட ஹோஸைப் பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடியில் டேப்பால் ஒட்டினார். ஓட்டும்போதே முள் கண்ணெதிரே தெரிந்தது. இருக்க வேண்டிய அழுத்தம் 3.5 பார். ஐடிலிங்கில் 3.4. மருதமலை அடிவார ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மிதித்தபோது முள் நடுங்கிக்கொண்டே 2.2க்கு இறங்கியது, அதே நேரத்தில் வண்டி திணறியது. பின்னிருக்கையைத் தூக்கி, பம்ப்புக்கு வரும் மின்சாரத்தையும் அளந்தார். 13.6 வோல்ட் முழுதாக வந்தது. ஆகவே ஒயரிங்கில் குறையில்லை. வடிகட்டியில் அழுக்கும் இல்லை. ஆகவே நான் கலப்படப் பெட்ரோல் போட்டேன் என்றும் சொல்ல முடியாது. பம்ப்பின் மோட்டார் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் மையத்தில் இந்த அளவுகளை வீடியோவுடன் காட்டி வாரண்டியில் பம்ப்பை மாற்றித் தரக் கேட்டபோது, வெளியாள் குழாயில் கைவைத்துவிட்டதால் வாரண்டி செல்லாது என்றார்கள். நீங்கள் அளக்க மறுத்ததை அவர் அளந்தார். அதையே காரணம் காட்டி மறுப்பது எந்த நியாயம்? உங்கள் நிறுவனத்தின் அசல் பம்ப்பையே 8,760 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினேன். இப்போது அதே பர்லியாறு ஏற்றத்தில் டிரிம் 4. விளக்கு எரியவில்லை.

இதைப் பணத் தகராறாக மட்டும் பார்க்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் பின்னால் பேருந்து வரும்போது இழுவை செத்துப்போகும் காரை, சரிசெய்துவிட்டோம் என்று கூறி என் குடும்பத்தோடு அனுப்பி வைத்தீர்கள். அந்த நிலையில் மிஸ்ஃபயர் ஆன, அதாவது சரியாகப் பற்றி எரியாத, என்ஜினிலிருந்து எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும். அந்தச் சேதம் எனக்கு எப்போது பில்லாக வருமோ தெரியாது.

ஆகவே சென்சார், பிளக், காயில், த்ராட்டில் பாடி வேலைகளுக்கு வாங்கிய 22,100 ரூபாயையும் பம்ப்புக்கு நான் செலவிட்ட 8,760 ரூபாயையும் சேர்த்து 30,860 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கட்டணமின்றிச் சோதித்து, முடிவை எழுத்துமூலம் தர வேண்டும். என் வண்டியிலிருந்து உங்கள் ஸ்கேனர் எடுத்த எல்லாப் பதிவுகளின் நகலும் வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(11) தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடாகவே கருதுகிறது என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். பில்கள், ஜாப் கார்டுகள், டிரிம் பதிவின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். கழற்றிய பம்ப் என்னிடம் இருக்கிறது. உங்கள் பொறியாளர் நேரில் வந்து சோதிக்கலாம், ஆனால் எடுத்துச் செல்ல அனுமதிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.