கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றில் தன்னார்வலராகக் கற்பித்தேன். நூறு நாள் வேலை முடித்து வரும் அம்மா ஒருவர், தேர்வன்று விடைத்தாளில் தம் பெயரை எழுதிவிட்டு, மை காயும்வரை கைபடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேறினார்; வகுப்பும் முடிந்தது. சில மாதங்கள் கழித்து, ரேஷன் கடைப் பலகையை எழுத்துக்கூட்டவே தடுமாறினார். படித்ததைப் புழங்க வழியில்லாதபோது அவரைக் குறை சொல்ல முடியாது.

15 வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் 5 கூறுகளில் தொடர்கல்வியும் ஒன்று. 1990களில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்ததால்தான், அந்தக் கல்வி அவர்களின் அன்றாட வாழ்வில் கலந்தது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். எனவே, தேறிய ஒவ்வொருவரையும் ஊர் நூலகத்தில் கட்டணமின்றி உறுப்பினராக்கி, பெரிய எழுத்துப் புத்தகங்களை வாங்கிவைத்து, வேலைக்குச் சென்று திரும்புவோர் வரும்படி இரவு 8 மணி வரை நூலகத்தைத் திறந்துவைக்க அரசு ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தன்னார்வ ஆசிரியை ஒருவர்