ஞாயிற்றுக்கிழமை வெளியே

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அந்தக் களேபரத்தில் பேனா எங்கே, பேப்பர் எங்கே என்றே தெரியவில்லை.

நிவேதாவுக்குக் கண்ணாடி போட்டதற்கு நீ ஏன்டி உன்னையே திட்டிக்கொள்கிறாய்? அவள் அப்பாவுக்கும் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வைதானே, பாதி அந்த வழியில் வந்திருக்கும். போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தாய். எங்கள் கவினுக்குக் கண் பார்க்கப் போனபோது டாக்டரிடம் நானும் அதையேதான் கேட்டேன். போன் கிடக்கட்டும், பிள்ளை பகல் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறான் என்று அவர் திருப்பிக் கேட்டார். வீட்டுக்குள் டியூப்லைட் போட்டால் 300, 500 லக்ஸ் வெளிச்சம் கிடைத்தால் பெரிது. வெளியே மர நிழலில் நின்றாலே அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரந்து, கிட்டப்பார்வைக்குக் காரணமான, கண் நீளவாக்கில் வளர்வதை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் சொல்லும் காரணம்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை, பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டு 3 வருஷம் கவனித்திருக்கிறார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கு. அதிசயம் என்று சொல்ல முடியாது. ஆனால் காசு செலவில்லை, மருந்தில்லை. வந்துவிட்ட கிட்டப்பார்வை இதனால் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிவேதா கண்ணாடியோடுதான் இருப்பாள். உன் சின்னவனுக்குத்தான் இது இப்போது தேவை.

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை அரிட்டாபட்டி மலைக்குப் போகும் பழக்கம் வந்தது மாமாவால். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. சாப்பிட்டீங்களா என்றால் ம், தூங்கினீங்களா என்றால் ம். ஒரு நாள் இவர்தான், அப்பாவை அவர் பிறந்த மேலூர்ப் பக்கம் ஒரு நடை கூட்டிப்போவோம் என்றார். மலையடிவாரத்தில் காரை விட்டு இறங்கினதுமே மாமா பேச ஆரம்பித்துவிட்டார். இது உசிலை, இதன் இலையைக் காயவைத்து இடித்தால்தான் அரப்பு, இது ஆவாரை, இந்தக் கண்மாய் நிறைந்தால் மறுகால் எந்தப் பக்கம் போகும். இவ்வளவும் அவருக்குள் இருப்பது பெற்ற பிள்ளைக்கே தெரியவில்லை.

அங்கே ஒரு பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் மழை படாத பொடி மண்ணில் புனல் புனலாகக் குழிகள். குழியானைதான், வேறென்ன! உங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நாம் பிடித்து விளையாடியது. கவின் அப்படியே குப்புறப் படுத்துவிட்டான். ஒரு எறும்பு குழியின் ஓரத்தில் கால் வைத்தது, மண் சரிந்தது. அது மேலே ஏற ஏற, அடியிலிருந்து மண்ணை வாரி வாரி அடிக்கிறது. ஒரு கணம் இரண்டு கொடுக்கு தெரிந்தது, அப்புறம் எறும்பைக் காணோம். மாமா குழியோடு ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலிடுக்கில் சலித்து, உள்ளங்கையில் காட்டினார். சாம்பல் நிறத்தில் துளியூண்டு பூச்சி, பின்பக்கமாகவே நகர்ந்தது. வளர்ந்தால் இதற்குத் தட்டான் மாதிரி சிறகு முளைக்கும் என்று சொன்னதைக் கவின் நம்பவே இல்லை. தாத்தா கதை விடுகிறார் என்று வழி நெடுகச் சண்டை.

யாழினி முதலில் காதில் ஹெட்போனோடுதான் வந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வரும்போது அவள் பேண்ட் முழுக்க நாயுருவி விதை ஒட்டியிருந்தது. உட்கார்ந்து இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அப்போது தானாகவே, பள்ளியில் தோழிகளுக்குள் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னாள். என்னவென்று எழுத மாட்டேன், அது அவள் விஷயம். வீட்டில் எதிரே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் 'ஒண்ணுமில்லம்மா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்திருக்காது.

அரிட்டாபட்டி சும்மா பாறைக்காடு என்று நினைக்காதே. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதைத்தான் அறிவித்தார்கள். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு எல்லாம் உண்டு. பாறை உச்சியில் லகர் வல்லூறு இருக்கிறது என்கிறார்கள், எங்கள் கண்ணில் இன்னும் படவில்லை. அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி 2024 நவம்பரில் வந்ததும் ஊர் ஊராக ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. செய்தி என்றாலே சேனலை மாற்றுகிற யாழினி, அதைப் பற்றி வரும்போதெல்லாம் நின்று பார்த்தாள். அது அவள் உட்கார்ந்து இட்லி தின்ற பாறை ஆயிற்றே.

குறையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ராத்திரி யாரோ குடித்துவிட்டு உடைத்த பாட்டில் சில்லு பாறை மேல் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விடவே முடியாது.

வேளச்சேரியில் மலைக்கு எங்கே போவது என்று கேட்பாய். பள்ளிக்கரணை சதுப்புநிலம் உனக்குக் கூப்பிடு தூரம்தானே? உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம், நீ தினமும் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடந்து போகிறாய். குப்பைமேட்டுக் காற்று வீசாத காலையாகப் பார்த்துப் போ. நீலத் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் நிச்சயம், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை. கடற்கரையும் இருக்கிறது. பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிடக் கரைக்கு வரும். பெசன்ட் நகர்ப் பக்கம் மாணவர்கள் 1988-லிருந்து ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். நிவேதாவும் அவள் அப்பாவும் ஒரு ராத்திரி அவர்களோடு நடக்கட்டும். சின்னவனுக்குத் தூக்கம் தாங்காது. குஞ்சுகளைக் கடலில் விடுகிற சாயங்காலத்துக்கு அவனைக் கூட்டிப்போ.

ஒரே ஒரு வேண்டுகோள். நீ டீச்சர், வாய் சும்மா இருக்காது. போன இடத்தில் பாடம் நடத்தாதே. இது என்ன பறவை, எந்தக் குடும்பம், நோட்டில் எழுது என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் ஒருத்தரும் வர மாட்டார்கள். இலக்கில்லாமல் நடங்கள், பசித்தால் உட்காருங்கள். அவ்வளவுதான். இவர்கூட முதலில் பாறைக்குப் பாறை ஏறி போன் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். இப்போது துண்டை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்கிறார்.

அரையாண்டு லீவுக்கு மதுரை வருவதாக எழுதியிருக்கிறாய். ஒரு ஞாயிறு எங்களுக்கு ஒதுக்கிவிடு. ஆறு மணிக்கே கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் இறங்கலாம், அதனால் சனிக்கிழமை ராத்திரியே ஒத்தக்கடைக்கு வந்து படுத்துக்கொள்ளுங்கள். இட்லி என் பொறுப்பு. உன் மாமியார் கைப்பக்குவத்தில் மிளகாய்ப்பொடி ஒரு டப்பா கொண்டு வா. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? விசாரித்ததாகச் சொல்.

மற்றவை நேரில்.

அன்புடன்,
திலகா