மேனுஃபேக்சர்டு வீட்டில் விறகுக் கணப்பு: தரைக்கு அடியிலும் கூரைக்கு மேலும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், தொழிற்சாலையில் கட்டி லாரியில் கொண்டுவந்து இறக்கிய மேனுஃபேக்சர்டு வீட்டில் குடியிருக்கும் தங்கள் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். குளிர்காலம் நெருங்கினால் விறகுக் கணப்பு வாங்கலாமா என்ற யோசனை வருகிறது. மின்சாரம் போனாலும் வீடு சூடாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் பேச்செல்லாம் எந்த மாடல், எத்தனை சதுர அடிக்குப் போதும் என்பதிலேயே நின்றுவிடுகிறது. இந்த வகை வீட்டில் கோளாறு பெரும்பாலும் தரைக்கு அடியிலும் கூரைத் துளையிலும்தான் தொடங்குகிறது.

1976 ஜூன் 15-க்குப் பிறகு கட்டிய மேனுஃபேக்சர்டு வீடுகள் மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டின் விதிகளுக்கு உட்பட்டவை. விறகுக் கணப்புக்கும் அதில் தனி விதி உண்டு. படுக்கையறையில் வைக்கக் கூடாது. தீயறையை மூடும் கதவு இருக்க வேண்டும். எரிய வேண்டிய காற்று வெளியிலிருந்து நேராகத் தீயறைக்குள் வர வேண்டும். கணப்பை வீட்டின் சட்டத்தோடு இறுக்கிப் பிணைக்க வேண்டும். புகைபோக்கி அந்தக் கணப்புக்கென்றே சோதிக்கப்பட்ட வகையாக, உச்சியில் தீப்பொறித் தடுப்போடு இருக்க வேண்டும். இவை ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு கணப்பு. ஒன்றை விட்டுவிட்டு மலிவான மாற்றைப் போட்டால், சோதனைச் சான்று அந்த நிமிடமே செல்லாது.

ஆகவே வாங்கும்போது முதலில் கணப்பின் முதுகைப் பாருங்கள். அங்கே அறைந்திருக்கும் உலோகத் தகட்டில் மொபைல் ஹோமில் (இந்த வகை வீட்டுக்குப் பழைய பெயர்) பொருத்த அனுமதி உண்டு என்று பொறித்திருக்க வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல் போதாது. தகடு இல்லாத பழைய கணப்பை யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். 2020 மே 15 முதல் புதிதாக விற்கும் கணப்பின் புகைத்துகள் மணிக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. சாதாரண வெட்டு விறகால் சோதித்ததென்றால் 2.5 கிராம் வரை. இந்த அளவும் கணப்பில் உள்ள தகட்டில் இருக்கும்.

அளவில் பேராசை கூடாது. வீடு சிறியது, கூரை தாழ்வானது. பெரிய கணப்பை வைத்தால் அரை மணியில் உட்கார முடியாத சூடு வரும்; உடனே காற்றுத் திருகைக் குறைப்பார்கள். தீ புகைந்து எரியும், புகைபோக்கியின் உட்சுவரில் தார் போன்ற கிரியோசோட் படியும். பிறகு ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். சிறிய தீயறையில் சுடர்விட்டு எரியும் தீயே நல்லது.

வெளிக்காற்றுக் குழாயைத்தான் பலர் 'அது இல்லாமலும் எரிகிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். எரியும், உண்மைதான். ஆனால் இந்த வீடுகள் இறுக்கமாக அடைக்கப்பட்டவை. அடுப்பு மேலே உள்ள விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் மூன்றும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. ஈடுசெய்யும் காற்று எளிதான வழியாக வரும். அந்த எளிதான வழி புகைபோக்கியாக இருந்துவிடலாம். தீ கொழுந்துவிட்டு எரியும்போது புகையை மேலே இழுக்கும் இழுப்பு பலமாக இருப்பதால் தெரியாது. நடுராத்திரியில் சுடர் அடங்கிக் கங்கு மட்டும் இருக்கையில் இழுப்பு தளர்கிறது. கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவதும் அப்போதுதான். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.

இந்தக் குழாய் உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. வெளிவாயில் எலி புகாத கம்பிவலை வேண்டும். வாய் தீயறையைவிட உயரத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் காற்று திரும்பும்போது சூடான புகை அந்தக் குழாய் வழியாகவே வெளியேறப் பார்க்கும். வீட்டின் அடிச்சுற்று அடைத்திருந்தால் குழாயைத் தரைக்கு அடியோடு நிறுத்தாமல் அந்த அடைப்பைத் தாண்டி வெளியே கொண்டுபோங்கள். துளை போடுமுன் கீழே தவழ்ந்து பாருங்கள். தரைக்கு அடியில் கறுப்பு விரிப்புக்கு மேலே சூடேற்றும் காற்றுக் குழாயும் தண்ணீர்க் குழாய்களும் ஓடுகின்றன. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. துளைத்த பின் அந்த விரிப்பை அதற்குரிய டேப்பால் ஒட்டி மூடாவிட்டால் வெப்பக்காப்புப் பஞ்சு தொங்கிவிடும், எலி குடியேறும்.

கணப்பின் எடை பல நூறு பவுண்டு. தரைப்பலகை பல வீடுகளில் மரத்தூள் அழுத்திய பலகை. ஒருமுறை ஈரம் பட்டிருந்தால் உப்பி உதிரும். காலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கினால் முதலில் பலகையை மாற்றுங்கள். பிணைக்கும் போல்ட் பலகையோடு நிற்காமல் கீழுள்ள சட்டத்தைப் பிடிக்க வேண்டும். பல கையேடுகள் கணப்பிலிருந்து வீட்டின் இரும்புச் சட்டத்துக்கு 8 கேஜ் செம்புக் கம்பியால் எர்த் கொடுக்கச் சொல்கின்றன. இந்த ஒரு கம்பியைத்தான் அதிகம் மறக்கிறார்கள்.

கணப்புக்குக் கீழும் சுற்றிலும் எரியாத தளம் வேண்டும்: குறைந்தது 3/8 அங்குல கனம், கதவுக்கு முன்னால் 16 அங்குலம், கதவின் இரு பக்கமும் 8 அங்குலம். சில கணப்புகளுக்குத் தீப்பொறி தாங்கினால் போதும். சிலவற்றுக்கு வெப்பம் கீழே இறங்காத காப்பும் வேண்டும். வெறும் டைல் பொறியைத் தாங்கும், வெப்பத்தைத் தடுக்காது. சுவரிலும் இதே கதைதான். ஜிப்சம் பலகை எரியாது என்று நம்பிக் கணப்பை நெருக்கி வைத்தால், வெப்பம் அதைக் கடந்து பின்னாலிருக்கும் மரச்சட்டத்தை ஆண்டுக்கணக்கில் சுடும். அப்படிச் சுடுபட்ட மரம் குறைந்த வெப்பத்திலேயே பற்றும். தகட்டில் போட்டிருக்கும் இடைவெளிதான் கணக்கு. ஒற்றைச் சுவர் இணைப்புக் குழாய்க்குப் பொதுவாக 18 அங்குலம் தேவை. இரட்டைச் சுவர் என்றால் பெரும்பாலும் 6 போதும். சிறிய அறைக்கு அதுவே வசதி, மொபைல் ஹோமுக்குப் பல உற்பத்தியாளர்கள் அதைக் கட்டாயமாக்கியும் இருக்கிறார்கள்.

குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும்போது நெளிவு போட்ட முனை கீழ்நோக்கி, கணப்பின் பக்கம் இருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் வழியும் கிரியோசோட் வெளியே கசியாமல் தீக்குள்ளேயே திரும்ப அதுதான் வழி. ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி.

கூரையில் டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம்) கட்டையை வெட்டவே வெட்டாதீர்கள். இரண்டு டிரஸ்ஸுக்கு நடுவே புகைபோக்கி ஏறும்படி கணப்பின் இடத்தை நகர்த்துங்கள். தேவையானால் வளைவுத் துண்டு போடலாம். இரட்டை அகல வீட்டில் இரு பாதிகளும் சேரும் நடுக்கோட்டை விட்டு விலகி நில்லுங்கள், அங்கே உத்தரம் இருக்கும். உத்தரமும் டிரஸ்ஸும் புகைபோக்கியிலிருந்து உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில், வழக்கமாக 2 அங்குலத்தில், இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பஞ்சை அடைக்கக் கூடாது. பஞ்சு சரிந்து விழாதபடி தகட்டுத் தடுப்பு போட வேண்டும். கூரைக்கு மேலே புகைபோக்கி குறைந்தது 3 அடி நிற்க வேண்டும். 10 அடிக்குள் வீட்டின் எந்தப் பகுதி உயர்ந்திருந்தாலும் அதைவிட 2 அடி கூடுதலாக. கூரை தாழ்வு என்பதால் இதையெல்லாம் செய்தும் மொத்த உயரம் கையேட்டில் கேட்டதைவிடக் குறையலாம். அப்போது கணப்பின் கதவைத் திறந்தாலே புகை அறைக்குள் வரும். உயரத்தைக் கூட்டுங்கள். கூரைக்கு மேல் 5 அடியைத் தாண்டினால் தாங்குகம்பி வேண்டும்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஈரமானியை வெளிப்பட்டையில் குத்தினால் பொய் சொல்லும். கட்டையைப் பிளந்து புதிய முகத்தில் குத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைப் பார்த்து, படிவு 1/8 அங்குலத்தைத் தொட்டிருந்தால் துடையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும் படுக்கையறைப் பக்கம் இருக்க வேண்டும்.

துளை போடும் முன்பே உள்ளூர் கட்டட அலுவலகத்தில் அனுமதி எடுங்கள். சில மாநிலங்களில் மேனுஃபேக்சர்டு வீட்டு மாற்றங்களுக்கு வேறு துறை அனுமதி தருகிறது. உதாரணமாக வாஷிங்டன் மாநிலத்தில் தொழிலாளர், தொழில்துறை அலுவலகம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கணப்பைச் சுவரோரம் தள்ளிவிட்டால் முதுகுத் தகடு யார் கண்ணுக்கும் எட்டாது; ஆய்வாளரும் காப்பீட்டுக்காரரும் முதலில் கேட்பது அதைத்தான். தள்ளும் முன் தெளிவாகப் படம் எடுத்து, கையேட்டோடு பத்திரப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
கணப்பு பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்