இரண்டாம் வகை இலேசான வகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இருதுருவ மனநோய் (பைபோலார்) பற்றி வெளியான கட்டுரை நன்று. ஆனால் ‘முதல் வகை கடுமையானது, இரண்டாம் வகை இலேசானது’ என்ற ஒரு வரியைத் திருத்தியாக வேண்டும். அந்த எண்கள் நோயின் கடுமைக்கு இட்ட மதிப்பெண் அல்ல. மன எழுச்சி எவ்வளவு உயரம் போயிற்று என்பதைத்தான் அவை சொல்கின்றன.

முதல் வகைக்கு ஒரே ஒரு மேனியா போதும். மிதமிஞ்சிய உற்சாகமோ எரிச்சலோ, கூடவே அடங்காத சுறுசுறுப்பும், நாளின் பெரும்பகுதி, குறைந்தது 7 நாள் நீடித்திருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் நாள்கணக்கு பார்ப்பதில்லை. மனச்சோர்வே வராதவருக்கும் இந்த வகை பொருந்தும். பலருக்கு இது வியப்பாக இருக்கும். இரண்டாம் வகையில் ஹைப்போமேனியா, அதாவது மேனியா அளவுக்கு முற்றாத எழுச்சி, 4 நாளாவது, தீவிர மனச்சோர்வு 2 வாரமாவது வந்திருக்க வேண்டும். முழு மேனியா ஒருமுறைகூட வந்திருக்கக் கூடாது. எழுச்சியின்போது காதில் குரல் கேட்டிருந்தால் அது ஹைப்போமேனியா ஆகாது, மேனியாதான்.

இலேசு என்பது அந்த ஹைப்போமேனியாவுக்கு மட்டும்தான் பொருந்தும். நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் வகையினர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாரங்களைச் சோர்வு அறிகுறிகளோடு கழித்தார்கள். இரண்டாம் வகையினரோ ஏறக்குறைய பாதி வாரங்களை அப்படிக் கழித்தார்கள்.

கோளாறு தொடங்குவதும் இங்கேதான். ஹைப்போமேனியாவில் இருப்பவர் அதைச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவதில்லை. நன்றாக வேலை ஓடுகிறது, எதற்குப் போவார்? சோர்ந்து விழுந்த பிறகுதான் போகிறார். வெறும் மனச்சோர்வு என்று முடிவாகி, சோர்வு நீக்கி மாத்திரை மட்டும் தரப்படுகிறது. சிலருக்கு அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். முதல் வகையில் இந்த ஆபத்து அதிகம். அதனால் மருத்துவரிடம் வீட்டார் ஒருவரும் உடன் போவது நல்லது. மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் தொடர்ந்து சில நாள் இருந்ததுண்டா என்ற கேள்விக்கு அவர்களிடம்தான் விடை கிடைக்கும். தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் இருப்பது வேறு.

சைக்ளோதைமியா என்ற இன்னொரு வகையில் ஏற்றமும் இறக்கமும் முழு அளவை எட்டாமலே 2 ஆண்டுக்கு மேல் தொடரும். ‘விரைவுச் சுழற்சி’யைத் தனி வகையாகக் கட்டுரை எண்ணியதும் பிழை, 12 மாதத்தில் 4 முறையோ அதற்கு மேலோ நோய் வந்தால் எந்த வகையோடும் சேரும் அடைமொழி அது. காலையில் அழுது மாலையில் சிரிப்பதை மட்டும் வைத்து யாரையும் பைபோலார் என்று சொல்லிவிட முடியாது.

வகை தெரிந்தால் மருந்துத் தேர்வும் தெளிவாகும். லாமோட்ரிஜின் என்ற மருந்து சோர்வு திரும்பாமல் தடுப்பதில்தான் வலுவானது. மூண்டுவிட்ட மேனியாவை அடக்காது. அதை வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார்கள். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்தும் சாப்பிடுபவருக்கு இன்னும் குறைவாக. அவசரப்பட்டு ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பு வரலாம். பல நாள் விட்டுப்போன மாத்திரையைப் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்குவதும் அதே ஆபத்துதான். முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மனநலத் துறை வாசகர்