கான்கிரீட் என்றால் கலவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் உங்கள் மொழிப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். சென்ற இதழில் 'கான்கிரீட்' என்ற சொல்லுக்கு, 'பல பொருள்களைக் கலந்தது' என்பதே மூலப்பொருள் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. அந்தச் சொல்லில் இருக்கும் அழகே அந்த விளக்கத்தில் காணாமல் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

லத்தீனில் கிரெஸ்கெரே என்றால் வளர்தல். அதற்கு முன்னால் 'கான்' சேர்ந்தால் கூடி வளர்தல், ஒன்றாக வளர்ந்து இறுகுதல். அப்படி இறுகியது கான்கிரேட்டுஸ். திரிந்து கெட்டியான பாலையும் உறைந்த பனியையும்கூட ரோமானியர்கள் இந்தச் சொல்லால் குறித்தார்கள். கலப்பதற்கு அவர்களிடம் மிஸ்கேரே என்று வேறு வினை இருந்தது. 'மிக்ஸ்', 'மிக்ஸர்' எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் கட்டடத்தோடு வரவில்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தர்க்கமும் இலக்கணமும் படித்தவர்களின் சொல்லாகத்தான் வந்தது. ஒரு குணத்தை அது இருக்கும் பொருளோடு சேர்த்தே சொன்னால் கான்கிரீட். பொருளிலிருந்து தனியே பிரித்து 'வெண்மை' என்பதுபோலச் சொன்னால் அப்ஸ்ட்ராக்ட். அப்ஸ்ட்ராக்ட் என்பதற்கு மூலப்பொருளே 'இழுத்து விலக்கியது' என்பதுதான். கான்கிரீட் நவுன், அப்ஸ்ட்ராக்ட் நவுன் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். 'தொட முடிவது, தொட முடியாதது' என்பதோடு நாமும் நிறுத்திவிடுகிறோம். ஒன்று கூடி வளர்ந்தது, மற்றது பிரித்து இழுத்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அந்த ஜோடி மறக்கவே மறக்காது. பல ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கட்டடப் பொருளுக்கு இந்தப் பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். ரோமானியர்கள் அந்தப் பொருளில் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். ரோமில் பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடம் சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் அதுதான் பெரியது. ஆனால் அவர்கள் அதைக் கான்கிரீட் என்று சொல்லவில்லை, 'ஓபுஸ் கேமென்டிகியும்' என்றார்கள். கேமென்டும் என்றால் வெட்டிய கல்துண்டு. அதிலிருந்து வந்ததுதான் 'சிமென்ட்'. ஜல்லிக்கு இருந்த பெயர், காலப்போக்கில் அந்த ஜல்லியை ஒட்டவைக்கும் தூளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெயர் வைத்தவர்கள் கெட்டிப்பட்டதைப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே நடப்பதைப் பார்த்தால் 'கூடி வளர்தல்' என்பது அப்படியே பொருந்துகிறது. சிமென்ட் துகளில் தண்ணீர் பட்டதும் இரண்டும் வினைபுரிகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் துகளின் மேல் மெல்லிய இழைகளும் ஊசிகளும் முளைத்து நீள்வது தெரியும். பக்கத்துத் துகளிலிருந்து வரும் ஊசிகளோடு அவை பின்னிக்கொள்கின்றன. மணலும் ஜல்லியும் நடுவில் பிடிபடுகின்றன. கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தண்ணீரை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. தண்ணீருக்கு அடியிலும் இறுகும். சீக்கிரம் காய்ந்துபோனால்தான் பலம் குறையும். தளம் போட்ட பிறகு நாள்கணக்கில் ஈரம் காப்பதும், 28ஆம் நாள் வலிமையைக் கணக்கில் எடுப்பதும் இதனால்தான். கலக்கிற வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதைக் 'கலவை' என்று சொன்னால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பற்களின் வேர்கள் ஒட்டி வளர்ந்திருப்பதைப் பல் மருத்துவர்கள் 'கான்கிரெசென்ஸ்' என்கிறார்கள். அந்த வேர்களை ஒட்டவைக்கும் படலத்தின் பெயர் சிமென்டம்! இரண்டு கட்டடச் சொற்களும் வாய்க்குள் போய்ச் சந்தித்திருக்கின்றன.

இன்கிரீஸ், டிகிரீஸ், படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட், கப்பலின் க்ரூ எல்லாம் இதே 'வளர்தல்' குடும்பம்தான். கிரசென்ட் என்பது முதலில் வளர்பிறை மட்டுமே. இப்போது தேய்பிறைக்கும் அதே பெயர்.

கூடி வளர்தலுக்கு லத்தீனில் இன்னொரு வேரும் உண்டு. அலேரே என்றால் ஊட்டி வளர்த்தல். அதிலிருந்து பிறந்த கோஅலெஸ்கெரேதான் நாம் தினமும் செய்தியில் கேட்கும் 'கோயலிஷன்'. வளர்ந்துகொண்டிருப்பவர் அடோலசென்ட், வளர்ந்து முடித்தவர் அடல்ட். இரண்டும் அதே அலேரே வழிவந்த ஒரே வினையின் இரு வடிவங்கள். பள்ளியோ கல்லூரியோ ஊட்டி வளர்த்தவர் அலும்னஸ்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். இப்படிக் குடும்பம் குடும்பமாகச் சொற்களைக் கொடுங்கள். ஆனால் 'டிஸ்கிரீட்' என்ற சொல்லை மட்டும் கான்கிரீட்டோடு சேர்த்துவிடாதீர்கள். 'தனித்தனியான' என்ற பொருளைப் பார்த்தால் கான்கிரீட்டுக்கு நேர் எதிர்ச்சொல் போலவே தோன்றும். ஆனால் அதன் வேர் செர்னெரே. சலித்துப் பிரித்தல் என்று பொருள். சீக்ரெட் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். வளர்தல், பிரித்தல் என்ற இரண்டு வினைகளுக்கும் லத்தீனில் இறந்தகால வடிவம் 'கிரேட்டுஸ்' என்று ஒன்றாகவே அமைந்துவிட்டதால் வந்த குழப்பம் இது. கான்கிரீட்டுக்குத் திருத்தம் போடும்போது இதையும் ஒரு வரியில் சேர்த்தால், உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கும் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்