நான்காவது கட்டம்: கட்டடக்கலைப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நான் கட்டடக்கலைஞர் அல்ல. கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் 19 ஆண்டுகளாக வரைபடம் வரைகிறவள். நீங்கள் பட்டம் கொடுத்து அனுப்பும் பிள்ளைகள் பென்சிலில் கிறுக்கித் தருவதை, வேலை நடக்கும் இடத்தில் நின்று படிக்கக்கூடிய கோடுகளாக மாற்றித் தருவது என் பிழைப்பு. உங்கள் பாடத்திட்டத்தின் நல்லது கெட்டது எதுவானாலும் அது என் மேசைக்குத்தான் முதலில் வந்து சேர்கிறது.

கேட்க வந்தது மிகச் சின்ன விஷயம். எந்த வரைபடத் தாளை எடுத்தாலும் வலது கீழ் மூலையில் ஒரு பெயர்ப்பெட்டி இருக்கும். அதில் மூன்று கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நான்காவதாக 'செய்பவர்' என்று ஒரு கட்டம் வேண்டும். முதலாண்டு மாணவரின் முதல் தாளிலிருந்தே வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி ஒரு கட்டத்தைச் சேர்த்துப் பார்த்தேன். அலுவலகத்து மூத்தவர் தாளைத் தூக்கிப் பிடித்து, "இது எதற்கு அம்மா?" என்றார். பூச்சு வேலை செய்யப்போகிறவரின் பெயருக்கு என்றேன். "அது ஒப்பந்தக்காரர் பாடு. நம் தாளில் எதற்கு?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்வதுபோல் சொன்னார். நானும் அழித்துவிட்டேன். அழித்தது இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் அப்பா பூச்சு வேலைக்காரர். சுவரும் மேற்கூரையும் சேரும் இடத்தில் அலையலையாக ஓடும் விளிம்பு வேலைப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் கைதேர்ந்தவர். தகரத்தில் வெட்டிய அச்சைச் சட்டத்தின்மேல் வைத்து ஈரச் சாந்தின் மீது இழுத்துக்கொண்டே போனால் நீளவாட்டில் வடிவம் தானாக விழுந்துவிடும். ஆனால் இரண்டு சுவர்கள் கூடும் மூலைக்குள் அச்சு நுழையாது. கடைசி ஒரு சாண் இடம் வெறும் கைவேலை. சிறிய கரண்டியும் ஒரு பட்டைச் சட்டமும் வைத்துக்கொண்டு, இரு பக்கத்து வளைவுகளும் ஒரே கோட்டில் சந்திக்கும்படி இழைக்க வேண்டும். அதுவும் சாந்து இறுகுவதற்குள். விரலின் பின்புறத்தை வைத்துப் பார்த்து "இழுத்துவிட்டது" என்பார். எத்தனை நிமிடத்தில் இழுக்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. யாரோ கட்டிய, என்றோ கட்டிய அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மூலையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். "இது இன்னார் கை" என்பார். விசாரித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே மூலையை இன்று நான் வரையும்போது ஒரு கோடு, ஓர் அம்புக்குறி, 'விவரம் 4 காண்க'. அவ்வளவுதான்.

'அடையாளம்' என்ற சொல் உங்கள் வகுப்பறைகளில் நிறையப் புழங்குகிறது. ஒருமுறை மாணவர்களின் வடிவமைப்பு மதிப்பீட்டுக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். நெசவாளர் சமூகம் ஒன்றுக்கான பண்பாட்டு மையம் என்று ஒரு பையன் அழகாக வரைந்து மாட்டியிருந்தான். முகப்பு முழுக்க, துணியின் ஊடும் பாவும் பெரிதாக்கப்பட்டுத் துளையிட்ட உலோகத் தகடாக நின்றது. அது அவர்களின் அடையாளம் என்றான். நெசவாளர்கள் இந்தக் கட்டடத்தில் எதைச் செய்வார்கள் என்று கேட்டேன். "வந்து பார்ப்பார்கள்" என்றான். அந்தப் பையன்மீது எனக்கு வருத்தமில்லை. உருவத்தை எடுத்துக்கொண்டால் அடையாளமும் கூடவே வந்துவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாலி நாட்டின் ஜென்னே நகரத்துப் பெரிய மசூதியின் படத்தைக் காட்டாத கட்டடக்கலை வகுப்பு இருக்காது. இன்றைய கட்டடம் 1907இல், அவ்வூர்க் கொத்தனார் சங்கத்தின் தலைவர் இஸ்மாயிலா திராவோரேயின் பொறுப்பில் எழுந்தது. முழுக்க மண். சுவரிலிருந்து வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளின் நிழல் படத்தில் அழகாக விழும், மாணவர்கள் அதை அப்படியே குறிப்பேட்டில் வரைந்துகொள்வார்கள். அவை சுவரோடு சேர்த்தே கட்டிவிட்ட நிரந்தரச் சாரம் என்பதைச் சொல்கிறீர்களா? மண்பூச்சு வெயிலிலும் மழையிலும் தேயும். ஆண்டுதோறும் ஊர் கூடிப் புதிதாகப் பூசும். பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள், இளைஞர்கள் கூடை கூடையாகச் சேற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், கொத்தனார்கள் அந்தக் கட்டைகளில் கால் வைத்து ஏறி நின்று வெறுங்கையால் பூசுவார்கள். ஏறுகிற காலுக்காக வைத்த கட்டையைத்தான் நாம் அலங்காரம் என்று வரைந்துகொள்கிறோம். அங்கே ஊர்க்காரன் என்றால் அந்தச் சேற்றில் கால் வைத்தவன். பூசுவதை நிறுத்தினால் சில மழைக்காலங்களில் மசூதியும் கரையும், ஊர்க்காரன் என்பதன் பொருளும் கரையும்.

நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய சபை வீடு இன்னொரு வகை. அது மூதாதையின் உடல். முகட்டு உத்தரம் முதுகெலும்பு, சாய்வுச் சட்டங்கள் விலா எலும்புகள், முகப்பில் இருபுறமும் சரியும் பலகைகள் கைகள், அவற்றின் நுனிகள் விரல்கள். எது கட்டடம், எது சிற்பம் என்று அங்கே பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். 'தே ஹாவ் கி தூரங்கா' என்ற வீட்டை 1840களில் செதுக்கி எழுப்பியவர் ராஹாருஹி ருகுபோ. 1867இல் அரசாங்கம் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. அவர் முறையிட்டும் திரும்பி வரவில்லை. வெலிங்டன் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆனாலும் செய்தவரின் பெயரும் அவர் குலத்தின் பெயரும் வீட்டோடு ஒட்டியே இருந்தன, ஆகவே 'இது எங்களுடையது' என்ற வழக்கும் சாகாமல் இருந்தது. செய்தவர் பெயர் தெரியாத எத்தனையோ பொருள்கள் அதே மாதிரிக் கூடங்களில் நாட்டின் பெயரும் நூற்றாண்டும் மட்டும் எழுதிய அட்டையோடு கிடக்கின்றன. அவற்றைத் திரும்பக் கேட்க ஆளில்லை.

கலையையும் கைவினையையும் பிரிக்கக் கூடாது என்று நாங்கள்தான் எப்போதோ சொல்லிவிட்டோமே என்பீர்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். 1919இல் வைமார் நகரில் அந்தப் பள்ளியைத் தொடங்கிய வால்டர் குரோப்பியஸ், கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை, இடையில் நிற்கும் ஆணவச் சுவரை இடிப்போம் என்று அறிவித்தார். நல்ல வார்த்தை. சேர வந்தவர்களில் பெண்கள் ஏராளம். வந்த பெண்களில் பெரும்பாலோரைத் தறிக்கூடத்துக்குத் திருப்பி விட்டார்கள். சுவரை இடிக்கக் கூப்பிட்டவர்களே வாசலில் நின்று ஆளைப் பிரித்தார்கள்.

அந்தத் தறிக்கூடத்துக்கு வேண்டாவெறுப்பாகப் போனவர்களில் ஒருவர் ஆன்னி ஆல்பர்ஸ். பெர்னாவ் நகரில் ஹான்னஸ் மையர் வடிவமைத்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்காக அவர் நெய்த சுவர்த்துணிதான் 1930இல் அவருக்குப் பட்டயம் வாங்கித் தந்தது. பருத்தியும், செலஃபேன் என்ற பளபளக்கும் கண்ணாடித் தாளும் கலந்த நெசவு. ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும், மறுபக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும். அரங்கத்தில் பேச்சு தெளிவாகக் கேட்பது கட்டடக்கலையின் வேலையா, நெசவின் வேலையா? நான் அந்தத் தாளை வரைந்திருந்தால் 'சுவர்: துணி உறை' என்று எழுதியிருப்பேன், கட்டடத்தில் பாதியை அந்த இரண்டு சொல்லுக்குள் புதைத்திருப்பேன்.

பிரிவினை பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. உலக மரபுச் சின்னங்களைக் காக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1972இல் வந்தது, அது இடத்தையும் கட்டடத்தையும் காத்தது. அவற்றைச் செய்யும் திறமையைக் காக்கத் தனி உடன்படிக்கை 2003இல் வந்தது. கல்லுக்கும் கைக்கும் நடுவே 31 ஆண்டுகள். ஜப்பானின் இசே ஆலயத்தில் இந்தக் கணக்கு முற்றிலும் வேறு. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் ஆலயத்தைப் புதிதாகக் கட்டிப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 62ஆவது முறை 2013இல் நடந்தது. 20 வயதில் எடுபிடியாக வரும் தச்சர் 40 வயதில் முன்னின்று நடத்தலாம், 60 வயதில் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தலாம். மரம் புதியது, கை பழையது. எது அசல் என்று கேட்டுக்கொண்டிருந்த நிபுணர்கள் 1994இல் அதே நாட்டின் நாரா நகரில் கூடி, அசல் என்பதைப் பொருளை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது என்று எழுதி வைத்தார்கள். உங்கள் பாடத்திட்டத்தில் அந்த ஆவணம் இருக்கிறது, தேர்வுக் கேள்வியாக.

இனி எனக்கே சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

தொழிலும் அடையாளமும் ஒன்று என்று பாடுவது எளிது. அப்பாவைக் கேட்டால், "இந்தச் சாந்து உன் நகத்துக்குள் போக வேண்டாம் என்றுதானே உன்னைப் படிக்க வைத்தேன்" என்பார். சாந்து அரித்த விரலுக்கு அடையாளம் என்பது பெருமை மட்டுமில்லை. பிறப்பைக் காட்டி ஒருவரை ஒரு தொழிலுக்குள் அடைத்து வைக்கவும் அதே சொல் போதும். ஜென்னேயின் பழைய வீடுகள் 1988இல் உலக மரபுப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகு தரைக்கு ஓடு பதிக்க ஆசைப்பட்ட குடும்பங்கள்கூடப் பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்ற விதியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. யாரோ வந்து பார்ப்பதற்காக நான் மண் தரையில் படுக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் என்னிடம் பதிலில்லை. எகிப்தில் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி, 1940களில், லக்சர் அருகே கல்லறைகளின்மேல் குடியிருந்த குர்னா மக்களுக்காக மண்செங்கல்லில் ஒரு புதிய ஊரையே கட்டினார். அஸ்வான் பக்கத்துக் கொத்தனார்களை அழைத்து வந்து சாரக்கட்டைத் தாங்கல் இல்லாமல் வளைகூரை எழுப்பினார். மனிதர் உண்மையானவர், கட்டடங்கள் அழகானவை. ஆனால் மக்களில் பெரும்பாலோர் குடிவர மறுத்தார்கள். பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது, குவிமாடம் என்றால் அவர்களுக்குச் சமாதி நினைவுதான். கொத்தனாரைக் கேட்டவர் குடியிருக்கப் போகிறவரைப் போதிய அளவு கேட்கவில்லை.

ஆகவே நான் கேட்கும் கட்டம் கைவினைக்குச் சூட்டும் மாலை அல்ல. 'செய்பவர்' என்று ஒரு வெற்றிடம் தாளில் இருந்தால் மாணவர் அதை நிரப்ப வெளியே போயாக வேண்டும். போனால் ஒரு மனிதரைப் பார்ப்பார். இந்த வளைவு வருமா, எத்தனை நாள் ஆகும், என்ன கூலி, உங்கள் பிள்ளை இதைச் செய்வானா என்று கேட்பார். "வராது" என்ற பதிலும் கிடைக்கலாம். "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்றும் சொல்லலாம். அந்தப் பதிலுக்கு ஏற்ப வரைபடம் மாறினால் மதிப்பெண் போடுங்கள். ஐந்தாண்டுப் படிப்பின் இறுதியில் விருப்பப் பாடமாக, இரண்டு வாரம் களிமண் பிசையும் பயிற்சி வேண்டாம். அது சுற்றுலா.

பெயர் எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்குப் பாரிஸ் நோத்ர தாம் கதை. 2019 ஏப்ரல் 15இல் எரிந்த அந்தக் கூரையின் மரச்சட்டங்களைத் தச்சர்கள் உலராத பச்சை ஓக் மரத்தில் கோடரியால் செதுக்கி மீண்டும் எழுப்பினார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, கோபுர உச்சியில் புதிய பொன்முலாம் சேவலை ஏற்றியபோது, மறுகட்டுமானத்தில் பங்கேற்ற ஏறத்தாழ 2,000 பேரின் பெயர்ப்பட்டியலைச் சேவலுக்குள் வைத்து மூடினார்கள். படித்ததும் கண் கலங்கிவிட்டது. பிறகு சிரிப்பும் வந்தது. 96 மீட்டர் உயரத்தில், உலோகப் பறவையின் வயிற்றுக்குள், எழுதிய பெயரை யார் படிப்பது?

எங்கள் தாள் கையெட்டும் உயரத்தில் இருக்கிறது. பெயர்ப்பெட்டியில் இடமில்லை என்ற பதிலை நான் முன்பே கேட்டுவிட்டேன், அதனால் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பெட்டியின் அகலம் 180 மி.மீ. மூன்று கட்டங்களுக்கு 60 வீதம் போகிறது. நான்காக்கினால் 45 வீதம் வரும். அப்பாவின் முழுப் பெயரை எழுதிப் பார்த்தேன், 31 மி.மீ.யில் அடங்கிவிட்டது. மாதிரித் தாள் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வரைந்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்திடுகிறவள்