தாது வருஷத்து வளையம்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

முதலில் திட்டித் தீர்த்துவிடு, பிறகு படி. உன் பெண் கல்யாணத்துக்கும் வரவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. மூட்டுவலி என்றால் நம்பமாட்டாய், நம்பாதே. புனேயில் மழை ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து ஏழு மாதம் ஆகிறது. ஓடு மாற்றியாயிற்று. அண்ணன் சுகம். குடை வாத்தியார் என்னைக் கண்டதும், “இன்றைக்கு மழை உண்டா?” என்றார். நாற்பது வருஷமாக அதே கேள்வி, அதே சிரிப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இங்கே விவசாயிகள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். உற்சாகம் தலைக்கேறி, தேக்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை வருஷக் கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பதில்லை, தேக்கு எழுதும், தண்டுக்குள் வருஷத்துக்கு ஒரு வளையமாக. பென்சில் பருமனில் ஒரு துண்டை உருவி எடுத்தால் போதும், மரத்தைச் சாய்க்க வேண்டாம். மழை பொய்த்த வருஷத்தில் வளையம் ஒடுங்கியிருக்கும். கேரளத் தேக்குகளைக் கொண்டே 1481 வரை பின்னால் போயிருக்கிறார்கள் என்றேன். பாபர் வருவதற்கும் முன்னால்! 1877-ஐயும் சொன்னேன். பசிபிக் கடல் சூடேறியதையும், பருவமழை பொய்த்ததையும், தாது வருஷப் பஞ்சத்தையும் ஒரே மூச்சில்.

பின்வரிசையிலிருந்து உன் சின்னையா எழுந்தார். “என் தாத்தாவுக்கு அப்போது ஏழு வயது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்தே வந்தார்கள். ஆட்டுக்கல்லைக்கூட விற்றுவிட்டார்கள். சந்தையில் தானியம் இருந்ததாம் அம்மா, வாங்கத்தான் காசில்லை. அது உன் மரத்தில் தெரியுமா?”

தெரியாது, சரசு. அவர் சொன்னது எனக்குப் புதிதும் இல்லை. மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே சென்னையிலிருந்து கப்பலில் தானியம் போனது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்சத்தை மேற்பார்க்க அரசு அனுப்பிய டெம்பிள் துரை கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதை வைத்து நாள் முழுவதும் மண் சுமக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தவள், என் கட்டுரைகளில் கடைசிப் பத்தியில் ‘சமூகத் தாக்கம்’ என்று இரண்டு வரி எழுதி மூட்டை கட்டியிருக்கிறேன். முப்பது வருஷமாக.

அதோடு விட்டாரா? “இருக்கிற தென்னையை வைத்துக்கொள்ளவா, வெட்டிவிடவா?” என்றார். நான் நிகழ்தகவு என்று ஆரம்பித்தேன். “ஐந்நூறு வருஷம் தெரிகிறது, அடுத்த ஐந்து வருஷம் தெரியவில்லையாக்கும்” என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? ஆழியாற்றிலிருந்து நம் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று தமிழ்நாட்டோடு செய்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை நம்பித்தான் தென்னையே நிற்கிறது.

கில்பர்ட் வாக்கரை நினைத்துக்கொண்டேன். பருவமழையை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த ஆங்கிலேயக் கணித மேதை. கம்ப்யூட்டர் இல்லை, குமாஸ்தாக்களை வைத்துக்கொண்டு உலகத்துக் காற்றழுத்தத்தையெல்லாம் கூட்டிக் கழித்து, பசிபிக்குக்கும் இந்துமகா சமுத்திரத்துக்கும் நடுவில் ஓர் ஊஞ்சல் ஆடுவதைக் கண்டுபிடித்தார். மழையை மட்டும் நம்பிச் சொல்ல முடியவில்லை. 1924-இல் பதவியை விட்டார். அதே வருஷம்தான் இங்கே தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம், கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1099. பாவம், அவரையும் ஒரு குடை வாத்தியார் கேட்டிருப்பார்.

சரி, உனக்கு ஒரு வேலை. சின்னையாவிடம் இன்னும் நிறைய இருக்கிறது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை, ஒவ்வொன்றுக்கும் வருஷம் கேட்டு அவரை நிறுத்திவிடுகிறேன். சரித்திரம் நடத்தியவள் நீ. தை மாதம் வா. மூவரும் பரம்பிக்குளம் போய்க் கன்னிமாரா தேக்கைப் பார்க்கலாம். கோடாலி வைத்தால் ரத்தம் வரும் மரம் அது என்று அவருக்கு நம்பிக்கை; நான் துளைபோட மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கூட வருவாராம். செய்துவிட்டேன். சேத்துமடை வழியாகச் சுற்றிப் போகவேண்டும், பஸ் நேரம் விசாரித்து எழுதுகிறேன்.

திருநெல்வேலிக் கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு வராதே, சின்னையா கோபித்துக்கொள்வார்.

உன்,
மழைக்காரி